சாவகத்துச் சோறு

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அதுவும் அயல்நாட்டுச் சாப்பாடு. வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நம் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையின் நடுவில் இருப்பது ஒரு சோற்றுப் பாத்திரமல்லவா? அந்தப் பாத்திரத்தின் கதையில்தான் இந்தோனேசியாவும் வருகின்றது.

கதையை நினைவுபடுத்துகின்றேன். ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருக்கின்றது. ஆனால் பாண்டி நாட்டில் மழை பெய்து வளம் பெருகிவிட, அவனிடம் வந்து உண்பார் ஒருவருமில்லை. அந்த நேரத்தில் கலத்தில் வந்திறங்கிய சிலர், சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று சொல்கின்றார்கள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவன் சாவகத்துக்குக் கப்பலேறுகின்றான். காற்றுச் சரியில்லாமல் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகின்றது. இவன் கரையில் இறங்குகின்றான். திரும்ப ஏறிவிட்டான் என்று எண்ணி வணிகர்கள் நள்ளிரவில் பாய் விரித்துப் போய்விடுகின்றார்கள். ஊருக்கே சோறிட வேண்டிய பாத்திரத்தில் தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ்வதா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிரை விடுகின்றான் ஆபுத்திரன். மறுபிறப்பில் அதே சாவகத்தில் பிறந்து, புண்ணியராசன் என்ற பெயரில் அரசனாகின்றான்.

மணிபல்லவத்தை நமது நயினாதீவு என்று கொள்வோர் பலர். அப்படிக் கொண்டால், நம் கடலோரத்திலிருந்து சாவகத்துக்குப் போக இருந்த சோறு நம்மூர்த் தீவிலேயே நின்றுவிட்டது. சாவகத்திலிருந்து நம்மிடம் வந்த சோறோ வந்து சேர்ந்து, இன்றைக்கும் கொழும்பில் கோப்பைகளில் இருக்கின்றது. அதைச் சில ஆண்டுகளாக வீட்டிலும் வெளிநாட்டிலும் உண்டு மகிழ்ந்தவன் என்ற முறையிலும், சொற்களோடு மல்லுக்கட்டும் தமிழாசிரியன் என்ற முறையிலும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய நூல்கள் சாவகம் என்று சொல்வது இன்றைய யாவாத் தீவை மட்டும் குறித்தது என்று கொள்வதற்கில்லை. சுமாத்திரா, மலாய்த் தீபகற்பம் ஆகியவற்றையும் அப்பெயர் தழுவியிருக்கின்றது. 1247 இல் இலங்கைமீது படையெடுத்த சந்திரபானு, இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்த தாம்பரலிங்கத்து மன்னன். ஆனால் சூளவம்சம் அவனைச் சாவகன் என்றே அழைக்கின்றது. சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரைச் சாவகரின் குடியிருப்பு என்று விளக்கும் அறிஞர்களும் இதனையே நினைவிற் கொள்கின்றார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் நடந்தேன். அப்போது பாடசாலை மாணவன். சாவகச்சேரியில் முன்பின் அறியாத ஒரு வீட்டார் எங்களுக்குப் பிட்டும் சம்பலும் தந்தார்கள். ஊரின் பெயரையும் சம்பல் என்ற சொல்லையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. பிற்காலத்தில், சம்பல் என்பது மலாய், யாவா மொழிகளின் வழியாக நம்மிடம் வந்த சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து என்று படித்தபோது, அந்த இரவுச் சாப்பாடுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் யார்? பெருவணிகரோ அரச தூதுவரோ மட்டுமல்லர். ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை நம் கரையோரத்தை ஆண்ட காலத்தில், யாவாவிலும் பிற தீவுகளிலும் தமக்கு அடங்காதவர்களை இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். மத்தாராம் அரசன் மூன்றாம் அமாங்குராத் 1708 இல் இங்கே அனுப்பப்பட்டு இங்கேயே இறந்தான். மக்காசரின் சமய ஞானி ஷேக் யூசுப் 1684 இல் இங்கு வந்து, பின்பு தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். இவர்களோடு படைவீரர்களும் அடிமைகளும் கைதிகளும் வந்தார்கள். யாவாவினர், மதுராவினர், பாலியினர், அம்போனியர் என்று பல தீவினர். ஆங்கிலேயர் எல்லாரையும் ஒரே சொல்லில் மலாயர் என்று எழுதிவைத்துவிட்டனர். சிங்கள மக்கள் மட்டும் ‘ஜா மினிஸ்ஸு’, அதாவது யாவா மனிதர், என்று பழைய பெயரை விடாமல் வைத்திருக்கின்றார்கள்.

விரும்பி வந்த விருந்தாளிகளின் சாப்பாடு அல்ல இது. விலங்கோடும் துவக்கோடும் வந்தவர்களின் சாப்பாடு. சுவையைப் பாராட்டும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

கொழும்புக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் எனக்கு அந்தச் சமையலோடு பழக்கம் ஏற்பட்டது. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வீடு கொம்பனித்தெருவில் இருக்கின்றது. மலாய்க் குடும்பம். நோன்புப் பெருநாளன்று அழைத்தார். நான் மச்ச மாமிசம் தொடாதவன். அவர்கள் வீட்டில் அன்று பாபத் என்னும் மாட்டுக்குடல் கறிதான் விசேடம். அதை அறிந்திருந்த அவருடைய தாயார், எனக்கெனத் தனியாக ஒரு தாச்சியில் மரக்கறி போட்டு நாசி கோரெங் பொரித்து, மஞ்சட்சோறும் அச்சாறும் வைத்திருந்தார். அந்த அச்சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் போக முடியாது. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பேரீச்சம்பழம், அரைத்த கடுகு, வினாகிரி. புளிப்பும் உறைப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று அடக்காமல் நிற்கின்றன. அச்சாறு என்ற சொல் பாரசீகத்திலிருந்து கிளம்பியது. அது இந்தியாவுக்கும் போனது, மலாய் நாடுகளுக்கும் போனது. கொம்பனித்தெருவில் அதற்கு மலாய் அச்சாறு என்று பெயர்.

அந்த அம்மாவை வீட்டில் எல்லாரும் ‘நேனெ’ என்பார்கள். பாட்டி என்று பொருள். தமிழ் நன்றாகப் பேசுவார். “வீட்டில் மலாய் பேசுவீர்களா, அம்மா?” என்று கேட்டேன். சிரித்தார்.

“நானும் என்ட தங்கச்சியும் பேசுவம் மாஸ்டர். மகன் வெளங்குவான், பேசமாட்டான். பேரப்புள்ளைகளுக்கு வெளங்கவும் வெளங்காது. வாய்க்குள்ள போறது மலாய், வாயால வாறது சிங்களமும் இங்கிலீசும்.”

இதைச் சொல்லிக்கொண்டே அவர் என் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டார். அந்த வசனம் மட்டும் சோற்றோடு உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவருக்கு வசனத்திலும் பார்க்க அச்சாற்றின் செய்முறையில் அக்கறை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாவாவுக்கு உரியது. காடோ காடோதான் எங்களுக்கு மிகவும் ஒத்துவந்தது. கோவா, பயற்றங்காய், உருளைக்கிழங்கு, முளைவிட்ட பயறு ஆகியவற்றை அவித்து, வெள்ளரிக்காயை அரிந்து வைத்து, மேலே கச்சான் சாந்து ஊற்றுவது. வறுத்த கச்சானைச் செத்தல் மிளகாய், உள்ளி, பழப்புளி, உப்பு, கருப்பட்டி சேர்த்து அம்மியில் அரைத்துக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்தால் சாந்து தயார். அவர்கள் பாவிப்பது தென்னை அல்லது ஆரென் மரத்துக் கருப்பட்டி. நாங்கள் ஊரிலிருந்து வரும் பனங்கட்டியைப் போடுகின்றோம். மிக்சியில் அரைத்தால் கச்சான் எண்ணெய் கக்கிக் களியாகிவிடுகின்றது, அம்மிதான் சரி. யாவாவிலும் தட்டையான கல்லில் சிறு குழவியால்தான் அரைப்பார்கள். இன்னொரு விடயம், நாம் சித்த மருந்துக் கடையில் தேடும் பேரரத்தையும் கச்சோலமும் அவர்களுக்கு அன்றாடக் கறிச்சரக்கு. இருமலுக்கு இடித்துக் குடித்ததைச் சோற்றில் சந்திப்பது ஒரு புது அனுபவம்.

நாசி கோரெங் என்பது இலங்கையில் எந்த நகரத்துச் சாப்பாட்டுக்கடையிலும் மேலே ஒரு முட்டையோடு கிடைக்கின்றது. சீனச் சாப்பாடு என்று நினைத்தே பலர் உண்கின்றார்கள். கோரெங் என்றால் பொரித்தது. நாசி என்றால் சோறு. மூக்கு அல்ல என்பதை என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வயலில் நிற்கும்போது பாடி, உமி நீக்கினால் பெராஸ், வெந்த பிறகு நாசி. நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பகுப்பது போலவே அவர்களும் பகுக்கின்றார்கள். ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல். வயலிலுள்ள நெல்லுக்குப் பெயர் வேண்டியபோது அவர்கள் அந்தப் ‘பாடி’யைத்தான் கடன் வாங்கினார்கள். அந்நெல்லுக்கு யாவாவில் ஒரு தெய்வம் உண்டு. பெயர் தேவி ஸ்ரீ. இஸ்லாம் பரவிய பிறகும் அறுவடைக் கதைகளில் அவள் இருக்கின்றாள்.

2017 டிசம்பர் விடுமுறையில் ஆசிரியர் குழு ஒன்றோடு யாவாவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. பிரம்பனான் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. கோயிலைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்று யோக்யகர்த்தா நகரின் சாப்பாடு.

அந்நகரின் பெயர் சொல்லும் பண்டம் கூடெக். பிஞ்சுப் பிலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் கருப்பட்டியிலும் மணிக்கணக்காக அவிக்கின்றார்கள். தேக்கிலை போடுவதால் செங்கபில நிறம் வருகின்றது. நம்நாட்டுப் பொலொஸ் கறிக்கு நெருங்கிய உறவு. ஆனால் இனிப்பு! சோற்றோடு இனிப்பைப் பிசைந்து தின்ன என் நாக்கு இலேசில் இணங்கவில்லை. நமக்கு இனிப்பென்றால் கடைசியில் வரும் பாயசம். இரண்டாம் நாள், பக்கத்தில் வைத்த உறைப்புச் சம்பலையும் சேர்த்துத் தொட்டு உண்டபோதுதான் அதன் நியாயம் புலப்பட்டது. அந்த இனிப்புச் சம்பலுக்காகக் காத்திருக்கின்றது. கூடெக்கோடு கிரெசெக் என்ற ஒன்றும் வைப்பார்கள். அது மாட்டுத்தோல். சைவ நேயர்கள் போனால் கவனிக்க.

அதிலும் பெரிய சோதனை தெராசி. இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்து இறுக்கிய கட்டி. கண்ணுக்குத் தெரியாமல் எல்லாச் சம்பலிலும் கலந்திருக்கும். ‘தன்பா தெராசி’, தெராசி இல்லாமல் என்ற இரண்டு சொற்களையும் நான் திருவெழுத்துப் போல மனனம் செய்து வைத்திருந்தேன். இதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் கட்டைச் சம்பலுக்குள் மாசி ஒளிந்திருப்பதும் இதே கதைதான்.

அங்கே எனக்குக் கைகொடுத்தவை தெம்பேயும் பாடாங் கடைகளும். அவித்த சோயா அவரையில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, இலையிற் கட்டி ஓரிரு நாள் வைக்க, பருப்புகள் வெண்மையாக ஒட்டிப் பலகை போலாகிவிடும், அதுதான் தெம்பே. துண்டாக்கிப் பொரித்தால் கச்சான் மணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரகார்த்தா அரசவையில் உருவான ‘செராத் செந்தினி’ என்னும் பெருங்காவியத்திலேயே தெம்பே பேசப்படுகின்றது. அக்காவியத்தில் மக்கள் யாவா முழுதும் அலைந்து திரிகின்றார்கள். போகுமிடமெல்லாம் என்ன உண்டார்கள் என்பது பட்டியலாக வருகின்றது. நம் ஆற்றுப்படைகளைப் படித்தவருக்கு இதில் வியப்பில்லை. பெரும்பாணாற்றுப்படையிலும் வழிதோறும் எயினர் வீட்டில் என்ன, ஆயர் வீட்டில் என்ன, வலைஞர் வீட்டில் என்ன என்று சோறுதானே வழிகாட்டுகின்றது.

பாடாங் கடை என்பது மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களுடையது. ஊரைவிட்டுப் போய்ப் பிழைப்பதை ‘மெராந்தாவ்’ என்று ஒரு வழக்கமாகவே கொண்டவர்கள் அவர்கள். அதனால் அந்நாட்டின் எந்த நகரத்திலும் அவர்களுடைய கடை உண்டு. பரிமாறுபவர் ஒரு கையில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, கேளாமலே மேசையில் பரப்புவார். தொட்ட தட்டுக்கு மட்டும் காசு. தொடாதது திரும்பிப் போகும். இவர்களுடைய ரெண்டாங் என்ற இறைச்சிக் கறியை உலகமே புகழ்கின்றது. அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் தொட்டவை மரவள்ளி இலைக் கறியும் தேங்காய்ப்பாலில் செய்த பிலாக்காய்க் கறியும். கையால் பிசைந்து உண்டேன். பக்கத்து மேசைக்காரரும் கையால்தான் உண்டார். என்னைப் பார்த்து “சூடா மாக்கான்?” என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று பொருளாம். நேரத்துக்குத் தக்க வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் “சாப்பிட்டியளோ?” என்று கேட்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

மறுநாட் காலை சந்தைக்குப் போனோம். மரக்கறி விற்ற பெண்ணிடம் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பெயர் கேட்டேன். மாங்காயைக் காட்ட, ‘மங்கா’ என்றார்; அது தமிழ் மாங்காயின் பிள்ளை. கறிக்கு ‘காரி’, கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘காப்பால்’. இவையெல்லாம் நம்மிடமிருந்து போனவை, புத்தகங்களில் படித்தவைதான். பிறகு பச்சை நிறமாக நீண்டு கிடந்த காயொன்றைக் காட்டினேன். “புஞ்சிஸ்” என்றார். நான் திகைத்து, “போஞ்சி” என்றேன். “புஞ்சிஸ், புஞ்சிஸ்” என்று அவர் தலையாட்டினார்.

நேயர்களே, தமிழ்நாட்டில் பீன்ஸ் என்பதை நாம் போஞ்சி என்கின்றோம். சிங்களத்திலும் போஞ்சிதான். ஒல்லாந்த மொழியில் அதற்குப் ‘போன்ச்செஸ்’ என்று பெயர். ஒரே எசமானின் இரண்டு தோட்டங்களில், ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், இரு சனமும் அதே காய்க்கு அதே பெயரைக் கற்றுக்கொண்டன. கோவாவுக்கு நாம் போர்த்துக்கேயப் பெயரை வைத்துக்கொண்டோம். அவர்கள் ஒல்லாந்தப் பெயரைக் கொண்டு ‘கோல்’ என்கின்றார்கள். பறங்கியர் வீட்டு லம்பிறைசும் இப்படி வந்ததுதான். சோற்றுப் பொதி என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல் அது. வாழையிலையிற் பொதிந்த யாவாவின் ‘லெம்பெர்’ அதற்கு முன்னோடி என்பர். தூய தமிழ் பேச வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்துபவன்தான் நான். ஆனால் சந்தைக்குப் போன தமிழைக் குளிப்பாட்டி வீட்டுக்குள் எடுப்பதென்றால், போஞ்சிக்கறிக்கும் சம்பலுக்கும் எங்கே போவது?

அந்த மூன்றாவது சொல்லை அதன் சொந்த ஊரிலேயே கேட்கும் வாய்ப்பு 2023 இல் கிடைத்தது. என் தங்கை குடும்பத்தோடு நெதர்லாந்தில் வசிக்கின்றாள். அங்கே போனதும் நான் கண்ட முதல் அதிசயம், சாதாரணப் பலசரக்குக் கடையிலேயே சம்பல் போத்தல் போத்தலாக அடுக்கியிருந்தது. ‘சம்பல் ஊலெக்’ என்று எழுதியிருக்கும். ஊலெக் என்றால் அரைப்பது. நம்மூர் மொழியில் அம்மிச் சம்பல். ‘தோக்கோ’ என்ற பெயரில் இந்தோனேசியப் பண்டக் கடைகளும் நகரந்தோறும் இருக்கின்றன. 1949 இல் இந்தோனேசியாவின் இறைமை கைமாறிய காலத்தை ஒட்டி அங்கிருந்து பெருந்தொகையான கலப்புக் குடும்பத்தினர் நெதர்லாந்தில் வந்து குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த சமையல் அது. அவர்களில் பலர் அந்த நாட்டைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. தாய்நாடு என்று சொல்லப்பட்ட இடத்துக்கு அகதிகளைப் போல வந்தவர்கள்.

ஒருநாள் மைத்துனர் எங்களை ‘ரெய்ஸ்ராபல்’ உண்ண அழைத்துப் போனார். சோற்று மேசை என்று பொருள். நடுவில் சோறு, சுற்றிவர இருபது சிறு கிண்ணங்கள். சுவையில் குறைசொல்ல மாட்டேன். ஆனால் யாவாவில் எந்த வீட்டிலும் அப்படி உண்பதை நான் காணவில்லை. சோறு, ஒரு கீரை, இரண்டு துண்டு தெம்பே, சம்பல்; அவ்வளவுதான். இந்தச் சோற்று மேசை ஒல்லாந்தத் துரைமாரின் ஏற்பாடு. பத்தாவியாவின் பெயர்பெற்ற ஹோட்டல் தெஸ் இந்த் போன்ற இடங்களில், ஆளுக்கொரு கறியை ஏந்திய பணியாட்கள் வரிசையாக வந்து பரிமாறுவார்கள். பழைய நிழற்படங்களில் பார்க்கலாம். உண்பவர் ஒருவர், நிற்பவர் பலர். இருபது கிண்ணத்துக்கும் உள்ள பெருமை அந்த வரிசைக்குரியதேயன்றிச் சோற்றுக்குரியதல்ல என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அன்று எங்களுக்குப் பரிமாறிய கடைக்காரர், சுமாத்திராவிலிருந்து வந்தவரின் பேரன், தானும் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சம்பல் உறைப்பாக இருக்கிறதா என்று விசாரித்தார். அது நல்ல முடிவாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்து, தேங்காய்ச் சம்பல் இடித்தாள். என் மருமகளுக்கு அப்போது பதினொரு வயது. எல்லாவற்றையும் விரும்பி உண்பாள். அவள் தாயிடம் ஒல்லாந்த மொழியில் எதையோ கேட்டாள். தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள்:

“அண்ணா, இவள் கேக்கிறாள், மாமாவின்ரை ஊரிலையும் சம்பல் எண்டுதான் சொல்லுறவையோ, அது இஞ்சத்தைச் சொல்லெல்லோ எண்டு.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் சொன்னதிலும் பிழையில்லை. யாவாவின் சொல், நம்மிடம் ஒரு வழியால் வந்தது, அவர்களிடம் இன்னொரு வழியால் போனது. அந்தப் பிள்ளைக்கு அது கடைப் போத்தலில் எழுதிய சொல்.

ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. கொம்பனித்தெரு நேனெயின் வசனம் திரும்பத் திரும்ப வந்தது. வாய்க்குள்ள போறது ஒன்று, வாயால வாறது இன்னொன்று. உணவு இருக்கும்வரை பண்பாடு இருக்கும் என்று விழாமேடைகளில் பேசுகின்றோம். எனக்கு அதில் ஐயம் உண்டு. என் மருமகளுக்குச் சம்பல் தெரியும். இடியப்பம், பிட்டு, சொதி எல்லாம் தெரியும். எல்லாம் பெயர்ச்சொற்கள். ‘சம்பலுக்கு உப்புக் காணாது’ என்று அவளால் சொல்ல முடியாது. அந்தக் ‘கு’ அவளிடம் இல்லை. பெயர்ச்சொல் எந்தக் கப்பலிலும் ஏறும். எந்த மொழியிலும் போய்க் குடியிருக்கும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் பேசுவோரை விட்டுத் தனியே எங்கும் போவதில்லை. பேசுவோர் விட்டால் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

இதிலும் ஒரு விசித்திரத்தை மொழியியலாளர் காட்டியிருக்கின்றார்கள். இந்தோனேசிய மொழியில் வீட்டுக்கு என்பதற்குக் ‘கெ ரூமா’ என்பர். ரூமா வீடு, ‘கெ’ முன்னால் நிற்கும் சொல். இலங்கை மலாயர் பேசும் மொழியிலோ ‘ரூமாநங்’. ‘நங்’ பின்னால் ஒட்டுகின்றது, நமது நான்காம் வேற்றுமை உருபு ஒட்டுவது போல. தமிழும் சிங்களமும் பேசுவோரிடையே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில், சொல்லெல்லாம் மலாயாக, இலக்கணம் நம்முடையதைப் போல மாறிவிட்டது. அதாவது, நம்மை அயலவராகக் கொண்டு வாழ்ந்ததன் அடையாளம் அவர்களுடைய சோற்றில் இல்லை, வேற்றுமை உருபில் இருக்கின்றது. 1869 இல் ‘அலாமத் லங்காபுரி’ என்று மலாய் மொழியில் ஒரு பத்திரிகையே கொழும்பில் நடத்திய சமூகம் அது. இன்று ஐம்பதினாயிரம் பேர்கூட இல்லை. அவர்களிலும் பேரப்பிள்ளைகள் நாசி, சம்பல், அச்சாறு என்னும் பெயர்களோடு நிற்கின்றார்கள். அந்த ‘நங்’ போனால், அதற்குள் இருக்கும் நம்மையும் கொண்டுதான் போகும்.

ஊர் திரும்பியதும் நேனெயைப் போய்ப் பார்த்தேன். சமையற் சொற்களைப் பட்டியலாக எழுதும் எண்ணம் முன்பு இருந்தது. அதை விட்டுவிட்டேன். அச்சாறு போடும் முறையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மலாயிலேயே சொல்லும்படி கேட்டேன். “யாருக்கு வெளங்கப் போகுது மாஸ்டர்?” என்றார். பதினாறு வயதுப் பேரன் தன் கைத்தொலைபேசியில் பதிவு செய்ய ஒப்புக்கொண்டான். அடுப்படியில் அவனை நிறுத்திவைத்து, வெங்காயத்தை உரித்துக்கொண்டே அவர் பேசத் தொடங்கினார். முதலில் வானொலிச் செய்தி வாசிப்பது போலப் பேசினார். பிறகு தங்கையோடு பேசுவது போல வேகமாகிவிட்டது. நான் ‘நங்’ எத்தனை தடவை வருகின்றது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பேரன் ஓரிடத்தில் அவரை மறித்து, இப்போது சொன்னது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். கடுகை வினாகிரியில் ஊறவைத்துத்தான் அரைக்க வேண்டும் என்று அவர் மலாயிலேயே மறுபடி சொல்லி, கடுகுக் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மற்றக் கையில் தொலைபேசி இருந்ததால், அவன் அதை மேசைமேல் பேசவிட்டுவிட்டு அம்மியடிக்குப் போனான்.